கண்ணாடிக்குள் தேயிலைப் பெட்டி

"படத்தைத் திருடினவன் இந்த பர்மாத் தேக்கு ஃபிரேமை ஏன்யா விட்டுட்டுப் போனான்?"

ஹமீது சுல்தான் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் பதில் சொல்வதற்காக அல்ல. யோசிக்கும்போது அவருக்கு எதிரே ஒரு முகம் வேண்டும். பர்மா யுத்தத்தில் மிலிட்டரி போலீஸாக இருந்தவர் அவர். ஸ்பெஷல் நாடகத்தில் பபூனாக இருந்தவன் நான். எந்த ஊரிலும் எவரும் சந்தேகப்படாத மூஞ்சி என்று சொல்லித்தான் இந்தக் கூத்தையாவை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நானும் காலத்தை ஓட்டுகிறேன்.

ராமநாதபுரத்தில் நாங்கள் போர்டு மாட்டிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மிளகாய் மண்டி சேதுராமன் வீடு மாதிரி ஒரு பெரிய வீட்டுப் படியேறுவது அதுதான் முதல் தடவை. ஹால் சுவரில் ஒரு பெரிய ஃபிரேம். அதற்குள், முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெறும் பலகை. பலகைமேல் ஏதோ கொழும்புத் தேயிலைக் கம்பெனியின் கறுப்பு எழுத்துகள், கண்ணாடி வழியாக ஜோராகத் தெரிந்தன.

"படம் போனா என்னங்க, டீ கெடச்சிருக்கே," என்றேன்.

சேதுராமன் பார்த்த பார்வையில் அவருடைய மண்டி மிளகாய் மொத்தமும் இருந்தது. நான் ஹமீதுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"அது எம் மக செவ்வந்தி படம்," என்றார் அவர். "எட்டு வருசம் ஆச்சு பாய். கொழும்புல உறவுக்காரவுக வீட்டுக்குப் போன எடத்துல வாந்திபேதி வந்து போய்ட்டா. அவளுக்குப் பதினாறு வயசுல ஒரு ஆர்ட்டிஸ்ட்டு உக்கார வச்சு வாட்டர் கலர்ல வரைஞ்சது. அது ஒண்ணுதான் எங்களுக்கு மிச்சம்."

சொல்லும்போது அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவருடைய மகனுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் பரமக்குடியிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். அதற்காகப் புது மாலை வாங்கி வந்து, படத்தை மறைத்துத் தொங்கிய பழைய மாலையைக் கழற்றியிருக்கிறார். உள்ளே மகளைக் காணோம், தேயிலைப் பெட்டிதான் இருந்தது.

"எல்லாம் அந்த மீரா சாகிபு வேலை. ஃபிரேம் கடைக்காரன். போன மாசம் அவன்கிட்டத்தான் குடுத்துப் புதுசாப் போட்டேன். பின்னால தேக்குப் பலகைன்னு சொல்லித்தான் காசு வாங்குனான். அடிச்சிருக்கான் பாருங்க டீப்பெட்டிப் பலகைய! பலகையில ஏமாத்துனவன் படத்துல ஏமாத்த மாட்டானா? காலையிலயே எஸ்.ஐ.கிட்டச் சொல்லி ஸ்டேஷன்ல உக்கார வச்சாச்சு. படத்த யார்கிட்டத் தள்ளுனான்னு நீங்க கண்டுபிடிங்க."

ஹமீது ஃபிரேமைக் கழற்றித் தரையில் குப்புற வைத்தார். பின்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டி நன்றாக அடைத்திருந்தது. மூலையில் எறும்புகள் சாரை கட்டியிருந்தன. எங்கிருந்தோ வந்த சாம்பல் நிறப் பூனை ஒன்று, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், அந்தத் தாளை நக்க ஆரம்பித்தது.

"பாய், எனக்குப் போட்டியா இன்னொரு அசிஸ்டெண்டு வந்துருச்சு."

"அது உன்னைவிட உருப்படியா வேலை செய்யுது," என்று சொல்லிவிட்டு ஹமீதும் குனிந்து தாளை முகர்ந்தார். பிறகு என்னை முகரச் சொன்னார். சந்தேகமே இல்லை, கருவாடு.

"உங்க வீட்டுல கருவாடு ஆகுமா?"

"எம் மக போனதுலருந்து இந்த வீட்டுல கவுச்சியே கெடையாது," என்றார் சேதுராமன், ஏதோ தகாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

அவர் மனைவி பூமயில் மோர் கொண்டுவந்து வைத்தார். ஹமீது தம்ளரை எடுத்துக்கொண்டே, "படத்துக்குப் பொட்டு வைக்கிறது நீங்கதானம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. வெள்ளிக்கெழம தவறாம."

ஃபிரேமை நிமிர்த்தியபோது நானும் கண்ணாடியைப் பார்த்தேன். சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை. ஒரு மாதமாக எந்த வெள்ளிக்கிழமையும் அந்தக் கண்ணாடியை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு அவசரமாக அடுப்படிக்குத் திரும்பினார். ஹமீது மோரைக் குடித்து முடித்தார்.

அவர் குடிக்கிற நேரத்தில் நான் கொல்லைப்பக்கம் போய் வந்தேன். அங்கே மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த வேலைக்காரி பாண்டியம்மாளை ரெண்டு வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்ததில் ஒரு தகவல் கிடைத்தது.

ஸ்டேஷனில் மீரா சாகிபு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வியர்த்துக் கொட்டியது. முகத்தைப் பார்த்தால் படத்தை மட்டுமல்ல, சுவரையும் சேர்த்துத் திருடியவர் மாதிரிதான் இருந்தது.

"ஃபிரேம் எப்படிப் போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க," என்றார் ஹமீது.

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "இந்த ராமநாதபுரச் சீமைக் காத்துல உப்பு இருக்குல்ல தம்பி. கண்ணாடி படத்துல ஒட்டுனா ஈரம் கோத்துச் சாயம் கண்ணாடியோட வந்துரும். அதனால உள்ள நாலு ஓரத்துலயும் சன்னமா மரச்சட்டம் குடுத்து எடம் விட்டேன். பின்னால பலகை வச்சு ஆணி அடிச்சு, அதுக்கு மேல தாள் ஒட்டிக் காத்து புகாம அடைச்சேன். பசையில மயில்துத்தம் கலந்து காச்சுவேன். அது வெசம். எறும்பு, கரப்பான் எதுவும் வாய் வைக்காது."

"பலகை?"

சாகிபு தலையைக் குனிந்துகொண்டார்.

"தேக்குன்னு சொல்லித்தான் காசு வாங்குனேன். கையில தேக்கு இல்ல. எழுத்து இருந்த பக்கத்த உள்பக்கமாத் திருப்பி வச்சு அடிச்சிட்டேன், படம் மறைச்சுக்கிரும்னு. அல்லா எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். பலகைக்கு என்னைய அடிங்க தம்பி, வாங்கிக்கிறேன். படத்துக்கு அடிக்காதீக."

எஸ்.ஐ. கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள படம் வந்தாகணும். இல்லாட்டி நாளைக்கு இவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்," என்றார். சாகிபு சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைத்தெருவே வாசல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனது.

வெளியே வந்ததும் ஹமீது கேட்டார்: "படத்த எடுத்தது அவருதான்னா, பலகையைத் திருப்பிப் போட்டிருக்க மாட்டாரா?"

எனக்கு மண்டையில் உறைத்தது. எழுத்து உள்ளே இருப்பது தெரிந்த ஒரே ஆள் சாகிபு. அவர் படத்தை உருவியிருந்தால் தன் திருட்டுத்தனத்தைத் தானே கண்ணாடி போட்டு ஊருக்குக் காட்டுவாரா?

"அப்ப எடுத்தது வேற ஆளு."

"எறும்பு ஏறுன பசை கடைப் பசை இல்ல. சோத்த மசிச்சு ஒட்டுனது. அடுப்படியில செஞ்ச வேலை. ஒட்டுன கையில கருவாட்டு வாடை. ஆனா வீட்டுல கருவாடே கெடையாது."

என் தகவலை அவிழ்த்துவிட்டேன். "பாம்பன்லருந்து முருகம்மாள்னு ஒரு கருவாட்டுக்காரி வாரா பாய். அந்த வீட்டுல ஒரு துண்டு கூட வாங்க மாட்டாக. ஆனா வாராவாரம் கொல்லைப்பக்கம் வந்து வீட்டம்மாகூட உக்காந்து பேசிட்டுத்தான் போவாளாம்."

"கருவாடு திங்காத வீட்டுக்குக் கருவாட்டுக்காரி," என்றார் ஹமீது. "வா, ரயிலுக்குப் போவோம்."

பாம்பன் ஸ்டேஷனில் இறங்கி முருகம்மாள் வீடு எது என்று கேட்டோம். மூக்கு காட்டுகிற பக்கம் போகச் சொன்னார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய மணலில் பாய் விரித்து மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி கேட்பதில் ஹமீதை மிஞ்ச ஆள் கிடையாது. "ராமநாதபுரத்துலருந்து கொண்டாந்த படம் பத்திரமா இருக்கா ஆத்தா?"

முருகம்மாள் கையிலிருந்த மீன் மணலில் விழுந்தது. அவள் வாயைத் திறக்குமுன் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நிறைமாதம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள்.

"யாருக்கா? ராமநாதபுரத்துலருந்தா? அய்யா அனுப்புனாகளா?"

முருகம்மாள் அவளுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக் கை கூப்பினாள். எதற்குக் கும்பிடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஹமீதுக்கும் புரிந்திருக்காது. ஆனால் சட்டென்று சொன்னார்: "ஆமாம்மா. ஃபிரேம் கடையிலருந்து வாரோம். படம் உப்புக் காத்துல கெடாம இருக்கான்னு பாத்துட்டுப் போகச் சொன்னாக."

அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் இன்னொருவர் முகத்தில் கண்டதில்லை. எங்களை உள்ளே கூப்பிட்டு, ஒரு ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். மூடியின் உட்புறம், நாடாவில் செருகி, அந்தப் படம் இருந்தது. ரெட்டைச் சடையும் தாவணியுமாக ஒரு சின்னப் பெண். சாயம் முக்கால்வாசி வெளுத்துப் போயிருந்தது.

"யாரும்மா இது?" என்றேன்.

"நாந்தாண்ணே. தெரியலையா? அப்ப ஒல்லியா இருப்பேன்," என்று சிரித்தாள்.

"நீங்க கொழும்புல வாந்திபே—"

ஹமீதின் பூட்ஸ் என் கால்மேல் ஏறியது. பபூன் வேஷத்தில் எத்தனையோ மேடையில் கண்டபடி உளறியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை முழுங்கினபோது பட்ட கூச்சம் எந்த மேடையிலும் பட்டதில்லை. நல்லவேளை, அவள் காதில் அது விழவில்லை. படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாதி விட்டுச் சாதில கட்டிக்கிட்டு வந்துட்டேன்ல. எங்க வீட்டுக்காரவுக இங்கன ரயில் பாலத்துல வேலை பாக்குறாக. அய்யா என்னையத் தலை முழுகிட்டாக, கருமாதிச் சோறே போட்டுட்டாகன்னு வாரவுக போறவுக எல்லாம் சொன்னாக. நம்பித்தாண்ணே அழுதேன். எட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் உண்டாயிருக்கு. எங்க ஆத்தா இந்தப் படத்தக் குடுத்துவிட்டப்பறந்தான் எல்லாம் பொய்யின்னு தெரிஞ்சுச்சு. செத்தவளா நெனச்சிருந்தா ஹால்ல மாட்டி வச்சிருப்பாகளா?"

அவள் விரல் படத்தின் நெற்றிக்குப் போனது. முகம் முழுக்க வெளுத்திருக்க, நெற்றி நடுவில் மட்டும் அரை ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வட்டம், வரைந்த அன்றைக்கு இருந்த நிறத்தோடு அப்படியே இருந்தது.

"இந்த எடம் மட்டும் கருத்துருக்கு பாத்தீகளா? எங்கய்யா வரயில போகயில நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்திருப்பாக போல. கை பட்டுக் கை பட்டுக் கருத்துப் போச்சு."

ஹமீது படத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். நிமிரும்போது அவர் முகம் மாறியிருந்தது. "பெட்டிக்குள்ளயே இருக்கட்டும்மா. வெளிச்சம் படாம இருந்தா நல்லது," என்றார். அதற்குமேல் அங்கே எங்களால் நிற்க முடியவில்லை.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் விளக்கினார். கை பட்டால் அப்படி வட்டமாகக் கறுக்காது. எட்டு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடியில் அதே இடத்தில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். ஹால் வெளிச்சம் முகமெல்லாம் பட்டு வெளுக்க வைத்தது. பொட்டுக்குப் பின்னால் மட்டும் படவில்லை. உயிரோடு இருக்கிற பெண்ணுக்குச் செத்தவள் என்று வைத்த பொட்டின் தடம் அது. அதைத்தான் அவள் அப்பா தொட்ட இடம் என்று தடவிக்கொண்டிருக்கிறாள்.

"நா ஆமான்னு சொல்லிட்டேன் கூத்தையா," என்றார் ஹமீது. "அந்த ஆளு அனுப்புனதா, வாய் கூசாம." ரயில் பாலத்தைத் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் கடலைப் பார்த்தேன்.

சேதுராமன் எங்களுக்காக ஹாலில் காத்திருந்தார். மேஜையில் புது மாலை தயாராக இருந்தது.

"படம் பாம்பன்ல இருக்குங்க," என்றார் ஹமீது.

அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர் சுவரோரமாக உட்கார்ந்தார். அடுப்படி வாசலிலிருந்து பூமயில் வந்தார்.

"நாந்தான் எடுத்தேன். முருகம்மாளும் நானுமாச் சேந்து எடுத்து, சோத்த வச்சு ஒட்டி, எடம் தெரியாம மாலைய இழுத்து மறைச்சுவிட்டோம். நீங்க சொன்னீகன்னு இத்தன வருசமாப் பொட்டு வச்சேன். அவ உண்டாயிருக்கான்னு கேட்டப்பறம் எங்கை வரல. நெறமாசமா இருக்குறவளுக்கு நா இங்கன செத்தவ பொட்டு வச்சு, அங்கன அவளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? பெத்தவளே கொன்னதா ஆயிராதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாகிபு பாயப் புடிச்சுட்டுப் போகயிலயும் வாயத் தொறக்காம நின்னேன். அந்தப் பாவமும் எனக்குத்தான்."

சேதுராமன் எழுந்து வந்து ஹமீதின் காதருகே பேசினார். "பாய், பரண்ல கெடந்துச்சுன்னு சொல்லிருவோம்."

"எஸ்.ஐ. படத்தக் காட்டச் சொல்லுவாரு. என்னத்தக் காட்டுவீங்க?"

"நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரவுக வாராக. ஓடிப்போனவ இருக்குற வீடுன்னு தெரிஞ்சா எம் மகனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? ஒரு நாள் போகட்டும் பாய்."

"இந்த ஒரு நாள்ல சாகிபு கைவிலங்கோட கடைத்தெரு வழியாப் போவாரு. அதுக்கப்பறம் அவர்கிட்ட யாரு படம் குடுப்பா?"

பூமயில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "நா போயி ஸ்டேஷன்ல சொல்லிட்டு வாரேன்."

மனைவி ஸ்டேஷன் படியேறுவதைவிட மகள் உயிரோடிருப்பது வெளியே தெரிவது பரவாயில்லை என்று சேதுராமனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரே கிளம்பினார். அதை நல்ல மனசு என்று நான் எழுதப் போவதில்லை.

ஸ்டேஷனில் எஸ்.ஐ., உள்ளூர்க்காரரான ஏட்டு, பெஞ்சில் மீரா சாகிபு. சேதுராமன் மேஜைமுன் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"களவு எதுவும் இல்லங்க. படம் எம் மககிட்ட இருக்கு. அவ சாகல. பாம்பன்ல இருக்கா."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், கூரை தலையில் விழப்போகிறது என்பதுபோல. கூரை அதன் பாட்டுக்கு இருந்தது. எஸ்.ஐ. ஏட்டைப் பார்த்தார். ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அது தெரியுமேங்க," என்றார்.

சேதுராமன் கண்ணைத் திறந்தார். "யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்குந்தான். பாம்பன் என்ன பம்பாய்லயா இருக்கு? இந்தா இருக்கு. ரயிலேறி ராமேஸ்வரம் போற சனமெல்லாம் பாக்குதுல்ல."

மீரா சாகிபு பெஞ்சைவிட்டு எழுந்தார். "நாங்கூடப் போன வருசம் சந்தையில அந்தப் புள்ளையப் பாத்தேன் மொதலாளி. நீங்க ஃபிரேம் போடக் குடுத்தப்பச் சொல்லியிருக்கலாம். எதுக்குன்னு பேசாம இருந்துட்டேன். உசிரோட இருக்குற புள்ளைன்னு தெரிஞ்சேதான் அடைச்சுக் குடுத்தேன்."

"தெரிஞ்சுமா கருமாதிக்கு வந்து சாப்பிட்டீக?" சேதுராமன் ஏட்டின் பக்கம் திரும்பினார்.

"நீங்க கூப்பிட்டீக," என்றார் ஏட்டு. "வந்தோம்."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த ஊர்க்காரன் அல்லாத நானே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரமக்குடிக்காரவுகளுக்கு?" என்று கேட்டார் சேதுராமன், கடைசி நம்பிக்கையாக.

"விசாரிக்காமயா பொண்ணு குடுக்க வாராக?" என்றார் ஏட்டு.

எஸ்.ஐ. சாகிபுவைப் போகச் சொன்னார். சாகிபு நேராக சேதுராமனிடம் வந்து, "பலகைய மாத்திக் குடுத்துர்றேன்," என்றார். "வேணாம்," என்றார் சேதுராமன். "அந்த ஃபிரேமே வேணாம்."

வெளியே, வேப்பமரத்தடியில் அவர் எங்களை நிறுத்தினார். எட்டு வருஷமாக எவரும் நம்பாத ஒரு பொய்க்காக மகளைப் பார்க்காமல் இருந்த மனிதர், தோள் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"பாய், நீங்க அவளைப் பாத்தீகள்ல. நா மாலை போட்டு வச்சிருந்தது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அது ஒண்ணுதான் யாரும் சொல்லல போல. நீங்க அனுப்பி வந்ததா நா அவகிட்டப் பொய் சொல்லிட்டேன். அதை நீங்கதான் போயி நெசமாக்கணும்."

"என்னையப் பத்தி எதும் சொன்னாளா?"

ஹமீது படத்தின் நெற்றியிலிருந்த வட்டத்தைப் பற்றியும் அதை அவள் எப்படித் தடவினாள், என்ன சொன்னாள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

சேதுராமன் தன் வலது கையைப் பார்த்தார். அதை வேட்டியில் துடைத்தார்.

"நா ஒரு தடவைகூட அந்தப் படத்தத் தொட்டதில்ல பாய்," என்றார்.